அரசூர் ஆடும் ஆசிரமத்துக் கன்னுக்குட்டியும்

விழுப்புரத்துல இருந்து திருச்சி ரோட்டுல உளுந்தூர்பேட்டை பக்கம் போனா அரசூர்னு ஒரு கூட்டுரோடு வரும். திருவெண்ணெய்நல்லூர் போறவங்க அங்க திரும்பணும். சென்னையில இருந்து தெக்க போற உங்கள்ல பல பேர் அந்த வழியா நூறு தடவை போயிருப்பீங்க. ஆட்டு நோய் ஆராய்ச்சி பண்றவங்க, அவங்க எந்த நாட்டுல இருந்தாலும், அந்த ஊர் பேரைப் படிச்சிருப்பாங்க. நம்ம ஜில்லாவுலயே பல பேருக்கு அது தெரியாது. அதனாலதான் எழுதுறேன்.

நாய், பூனை வளர்க்குற டவுன் ஜனங்க ரெண்டு கேள்வி என்கிட்ட கேக்குறாங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மாடு விழுந்தா கிராமத்துல என்னங்க செய்வீங்க? இனிமே பிழைக்காதுன்னு தெரிஞ்சா ஊசி போட்டு அனுப்பிடுவீங்களா, இல்ல அப்படியே விட்டுடுவீங்களா? ரெண்டும் நியாயமான கேள்வி. ரெண்டுக்கும் ஒரு வரியில பதில் கிடையாது. நூத்தம்பது வருஷத்துக் கதை பின்னாடி இருக்கு.

முதல்ல அரசூரு.

1987-ல அந்தப் பக்கம் செம்மறி ஆடுங்க கொத்துக் கொத்தா செத்துது. அப்போ விழுப்புரம் மாவட்டமே கிடையாது, எல்லாம் தென்னாற்காடுதான். விழுப்புரம் தனியாப் பிரிஞ்சது 1993-ல. ஆட்டுக்கு முதல்ல நல்ல காய்ச்சல் வரும். கண்ணுலயும் மூக்குலயும் தண்ணியா ஊத்தி, அப்புறம் சீழாட்டம் கட்டிக்கும். வாய்க்குள்ள புண்ணு, கிட்ட போக முடியாத நாத்தம். அடுத்து கழிச்சல், இருமல், மூச்சு வாங்குறது. ஒரு வாரம் தாண்டுறது கஷ்டம். குட்டிங்கதான் அதிகம் போகும். அதுவரைக்கும் ஆட்டுக்கு இப்படி வந்தா மாட்டுக்கு வர்ற வெக்கை நோய்தான் ஆட்டுக்கும் தாவிடுச்சுன்னு எடுத்துக்கிறது வழக்கம். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

அரசூர் ஆட்டுல இருந்து எடுத்த வைரஸைச் சோதிச்சுப் பார்த்தப்போ அது வெக்கை இல்லை, அதோட பங்காளின்னு தெரிஞ்சுது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல இருந்த எம்.எஸ். ஷைலாவும் கூட இருந்த கால்நடை மருத்துவ அறிஞர்களும் 1989-ல இதை எழுதி வெளியிட்டாங்க. 1942-ல ஆப்பிரிக்காவுல ஐவரி கோஸ்ட் நாட்டுல முதல்ல பார்த்த நோய் இது. இந்தியாவுல இருக்குன்னு உறுதியானது நம்ம அரசூர்லதான். இப்போ இதுக்கு ஆட்டுக்கொல்லி நோய்னு பேர். ஆடு வளர்க்குறவங்களுக்கு அந்தப் பேரே போதும், வேற விளக்கம் வேணாம்.

இந்த வைரஸ் குடும்பம் பெருசு. மாட்டுக்கு வந்த வெக்கை, ஆட்டுக்கு வர்ற ஆட்டுக்கொல்லி, மனுஷக் குழந்தைக்கு வர்ற தட்டம்மை, நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர் நாலும் ஒரே வகையறா. உங்க வீட்டு நாய்க்குட்டிக்கு டாக்டர் போடச் சொல்ற முதல் தடுப்பூசியில டிஸ்டெம்பருக்கும் சேர்த்துதான் மருந்து இருக்கும். அதனால இது என்னவோ பட்டிக்காட்டு ஆட்டு விஷயம்னு நினைக்காதீங்க. உங்க வீட்டுச் சோபாவுல படுத்திருக்குற நாயும் இந்தக் கதையில ஒரு ஆளு.

அரசூர் ஆட்டுல இருந்து எடுத்த அதே வைரஸை ஆய்வுக்கூடத்துல திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியத்தைக் குறைச்சு, தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துல தடுப்பூசி செஞ்சாங்க. அந்த வைரஸ் ரகத்துக்குப் பேரே 'அரசூர் 87'. இமாச்சலப் பிரதேசத்துல சுங்கிரிங்கிற ஊர்ல கிடைச்ச ரகத்துல இருந்து இன்னொரு தடுப்பூசி வந்துது, அது 'சுங்கிரி 96'. ஒரு ஊசி போட்டா மூணு வருஷத்துக்குக் குறையாம தாங்கும். செத்துப் போன ஆட்டுல இருந்து எடுத்தது உயிரோட இருக்குற ஆட்டைக் காப்பாத்துது. அந்த ஆட்டை மேய்ச்சவருக்கு இது தெரிஞ்சிருக்குமான்னு நான் அடிக்கடி நினைக்கிறது உண்டு.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம்.

வெக்கை நோய்னு சொன்னேன் இல்லையா, எங்க தாத்தா காலத்து ஆளுங்க அந்தப் பேரைச் சொல்லும்போதே குரல் இறங்கிடும். பெரிய நோய்னும் சொல்லுவாங்க. ஒரு மாட்டுக்கு வந்தா கொட்டாயே காலி. ஏர் ஓட்ட மாடு இல்லாம கழனி தரிசாக் கிடக்கும். மாடு செத்த வருஷம் மனுஷனுக்கும் சோறு இல்லை. வெள்ளைக்காரன் காலத்துல 1869-ல இந்த நோயைப் பத்தி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டாங்க, ஹாலன்னு ஒரு ராணுவ மாட்டு டாக்டர் தலைமையில. 1871-ல அறிக்கை வந்துது.

அதே நோய்க்கு ஐரோப்பாவுல என்ன செஞ்சாங்க தெரியுமா? வெட்டினாங்க. 1700-களோட ஆரம்பத்துல போப்பாண்டவரோட வைத்தியர் லான்சிசி சொன்ன வழி அதுதான்: நோய் வந்த மாட்டைக் கொல்லு, புதை, நடமாட்டத்தை நிறுத்து. 1865-ல இங்கிலாந்துல வெக்கை பரவினப்போ, அடுத்த வருஷமே சட்டம் போட்டு நோய் வந்த மாட்டை எல்லாம் அடிச்சாங்க. நோயும் நின்னுது. மாட்டு டாக்டர்னு ஒரு படிப்பு வந்ததே இந்த நோயாலதான்னு சொல்லலாம். 1761-ல பிரான்சுல லியோன் நகரத்துல உலகத்தோட முதல் கால்நடை மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சதுக்கு மாட்டுக் கொள்ளைநோய் ஒரு முக்கிய காரணம்.

அந்த வழி இங்க எடுபடலை. பசுவை அடிக்க ஜனங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு அரசாங்கத்துக்கே தெரியும். சாமி விஷயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ரெண்டே மாடு வச்சிருக்குறவன்கிட்ட ரெண்டையும் அடிச்சிடுன்னா அவன் குடும்பத்துக்கு என்ன வழி? அதனால இங்க வேற பாதையில போனாங்க. நோய் மாட்டைத் தனியாக் கட்டுறது, சீரம் போடுறது, தடுப்பூசி போடுறது. இமயமலையில முக்தேஸ்வர்ங்கிற ஊர்ல ஆராய்ச்சி நிலையம் வந்துது. அங்க எட்வர்ட்ஸ்னு ஒருத்தர் 1920-கள்ல வைரஸை ஆட்டு உடம்புல மாத்தி மாத்தி ஏத்தி வீரியம் குறைச்சு தடுப்பூசி கண்டுபிடிச்சார். நம்ம பக்கத்துல 1903-ல சென்னை வேப்பேரியில கால்நடைக் கல்லூரி ஆரம்பிச்சது. 1932-ல ராணிப்பேட்டையில மருந்து தயாரிக்கிற நிலையம் வந்துது. 1954-ல நாடு முழுக்க வெக்கை ஒழிப்புத் திட்டம். ஊர் ஊரா, மந்தை மந்தையா ஊசி.

நாப்பது வருஷம் ஆச்சு. இந்தியாவோட கடைசி வெக்கை நோய் 1995-ல, அதுவும் நம்ம பக்கத்து வடாற்காட்டுப் பகுதியிலதான். 2006-ல இந்தியாவுக்கு நோய் இல்லாத நாடுன்னு சான்று கிடைச்சுது. 2011-ல உலகத்துலயே இல்லைன்னு அறிவிச்சாங்க. மனுஷன் இதுவரைக்கும் அடியோட ஒழிச்ச நோய் ரெண்டுதான். ஒண்ணு பெரியம்மை, இன்னொண்ணு இந்த வெக்கை.

இதை ஏன் இவ்ளோ நீட்டிச் சொல்றேன்னா, 'கொன்னாத்தான் தீரும்'னு உலகம் சொன்ன ஒரு நோயை, கொல்லாமலே தீர்த்த நாடு இது. அது நம்ம பெருமை. ஆனா அதே பழக்கம்தான் ஒத்த மாடு ஒண்ணு எழுந்திருக்க முடியாம வலியில துடிக்கும்போது நம்மளைத் திணற வைக்குது. கொல்லக் கூடாதுங்கிறதை நல்லாக் கத்துக்கிட்டோம். எப்போ விட்டுடணும்ங்கிறதை யாரும் சொல்லித் தரலை.

சொல்லித் தர முயற்சி பண்ண ஆள் ஒருத்தர் உண்டு. காந்தி.

1928-ல சபர்மதி ஆசிரமத்துல ஒரு கன்னுக்குட்டி அடிபட்டுக் கிடந்துது. முடிஞ்ச வைத்தியம் எல்லாம் பார்த்தாங்க. இனி ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். புரண்டு படுக்கக்கூட முடியாம வேதனை. காந்தி ஆசிரமத்து ஆளுங்களைக் கூட்டி வச்சுப் பேசினார். ஒத்துக்காதவங்களும் இருந்தாங்க. கடைசியில டாக்டரை வச்சு விஷ ஊசி போட்டுக் கன்னுக்குட்டியோட உயிரை முடிச்சாங்க. அவர் அதை மறைக்கலை, தன் பத்திரிகையிலயே எழுதினார். நாடு முழுக்க இருந்து கோவமாக் கடிதம் வந்துது. அகிம்சை பேசுற ஆளு பசுங்கன்னைக் கொல்லலாமான்னு.

அவர் சொன்ன நியாயத்தை என் வார்த்தையில சொல்றேன். நம்ம லாபத்துக்காகவோ கோவத்துலயோ ஒரு உயிரை எடுத்தா அது இம்சை. வேற எந்த உதவியும் செய்ய முடியாத நிலைமையில, அந்த உயிரோட வலிக்காக மட்டுமே செஞ்சா அது இம்சை ஆகாது. அதே கட்டுரையில குரங்கைப் பத்தியும் எழுதியிருக்கார். ஆசிரமத்துப் பயிரைக் குரங்கு அழிச்சுக்கிட்டு இருந்துது. அதைக் கொன்னா அது நிச்சயமா இம்சைதான், ஏன்னா அது நம்ம பயிருக்காகச் செய்யிறதுன்னு ஒத்துக்கிட்டார். விவசாயியா இருக்குற எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சுது. எங்க கழனிக்கு ராத்திரியில காட்டுப்பன்னி வருது, எனக்கும் கோவம் வரும். ஆனா அதைக் கருணைன்னு பேர் வச்சுக்கிற உரிமை எனக்குக் கிடையாது.

ஆக, கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இது யாருக்காக? படுத்த மாட்டைப் பார்க்க நமக்குக் கஷ்டமா இருக்கு, சீக்கிரம் முடிஞ்சாத் தேவலைன்னா அது நமக்காக. அனுப்ப மனசு வரலை, இன்னும் பத்து நாள் இருக்கட்டும்னு குளுகோஸ் ஏத்திக்கிட்டே இருந்தா அதுவும் நமக்காகத்தான். டவுன்ல நாய் வளர்க்குறவங்களுக்கும் இதே தராசுதான்னு நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்லுது? 1960-ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல 13-வது பிரிவு இருக்கு. உயிரோட வச்சிருக்குறதே கொடுமைங்கிற அளவுக்கு அடிபட்ட, நோய்வாய்ப்பட்ட பிராணியோட உயிரை வலியில்லாம முடிக்கலாம். சொந்தக்காரர் இல்லைன்னாலோ, ஒத்துக்கலைன்னாலோ போலீஸ் அந்தப் பகுதி கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு, அவர் எழுதிக் கொடுத்தப்புறம் மேற்கொண்டு உத்தரவு வாங்கலாம்னு வழி வச்சிருக்காங்க. தமிழ்நாட்டுல இன்னொரு சட்டம், 1958-ம் வருஷத்துப் பிராணிகள் பாதுகாப்புச் சட்டம். மாட்டுக்குப் பத்து வயசு தாண்டி வேலைக்கும் சினைக்கும் உதவாம இருக்கணும், இல்லைன்னா அடிபட்டோ தீராத நோயாலோ நிரந்தரமா முடங்கியிருக்கணும். அப்படிச் சான்று இருந்தாத்தான் அறுப்புக்கு அனுமதி. பசுவுக்கும் கிடேரிக்கும் 1976-ல அரசாணையில தனித் தடை வந்துது.

சட்டம் இப்படி இருக்க, ஊர்ல நடக்குறது வேற. மறைக்காமச் சொல்றேன். வயசான மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போறதுதான் இங்க பெரும்பாலான குடும்பங்களோட முடிவு. அவலூர்பேட்டை மாதிரி சந்தையில துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சுத் தரகர் விலை பேசுவார். வாங்கினவர் எங்க கொண்டு போறார்னு விக்கிறவர் கேக்க மாட்டார். கேக்காம இருக்குறதுக்குத்தான் அந்தத் துண்டோன்னு எனக்குச் சில நேரம் தோணும். 2017 மே மாசம் மத்திய அரசு, சந்தையில அறுப்புக்காக மாடு விக்கக் கூடாதுன்னு விதி போட்டப்போ டவுன்ல ஒரு பக்கம் ஆதரவு, ஒரு பக்கம் எதிர்ப்பு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதே மாசக் கடைசியில அதுக்கு இடைக்காலத் தடை போட்டுது. அப்புறம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்கப் பொருந்தும்னு சொல்லிடுச்சு. அந்த ரெண்டு கட்சியிலயும் யாரும் கேக்காத கேள்வி, கறவை வத்தின மாட்டுக்கு அடுத்த அஞ்சு வருஷத் தீவனத்தை யாரு போடுறதுங்கிறது. கறவை மாட்டுக்காரன் ஒருத்தனும் ஆசைப்பட்டு விக்கிறதில்லை.

இதுல இன்னொரு விசித்திரமும் நடந்துது. பசுவை நாம வெட்டாம, கடைசிக் காலத்துல வலி தெரியாம இருக்கட்டும்னு டைக்ளோபினாக் ஊசி போட்டோம். மாடு செத்ததும் ஊருக்கு வெளிய போட்டோம். அதைத் தின்ன கழுகுங்க, பிணந்தின்னிக் கழுகுன்னு சொல்லுவோமே பாறு, சிறுநீரகம் கெட்டுச் செத்துது. 2004-ல விஞ்ஞானிங்க காரணத்தைக் கண்டுபிடிக்கும்போது நாட்டுல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல போயிடுச்சு. 2006-ல மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செஞ்சாங்க. மெலாக்ஸிகாம்னு வேற மருந்து இருக்கு, அது கழுகுக்கு ஒண்ணும் செய்யாது. இரக்கத்துல செஞ்ச காரியம்தான் இது. ஒரு மாட்டோட சாவு அதோட கொட்டாயோட முடியறதில்லைன்னு இதுல தெரிஞ்சுக்கிட்டேன்.

சரி, முதல் கேள்விக்கு வர்றேன். ராத்திரியில மாடு விழுந்தா?

எங்க ஊர் விக்கிரவாண்டிக்கும் மயிலத்துக்கும் நடுவுல. டவுன் மாதிரி காருல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போக முடியாது, நானூறு கிலோ கலப்பினப் பசுவை. டாக்டர்தான் வரணும். அவர் வர்றதுக்குள்ள என்ன செய்யிறோம்ங்கிறதுலதான் பாதி உயிர் இருக்கு.

அதிகமா வர்றது பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பு சூடே இருக்காது, காது ஜில்லுனு ஆயிடும். நிறைய பால் கறக்குற மாட்டுக்கு ஈன்ற மூணு நாளைக்குள்ள வரும். உடம்புல இருக்குற சுண்ணாம்புச் சத்து எல்லாம் திடீர்னு பாலுக்குப் போயிடறதால மாடு தள்ளாடி விழும், கழுத்தை ஒரு பக்கமா மடிச்சு வச்சுக்கும். டாக்டர் கால்சியம் மருந்தை மெதுவா நரம்புல ஏத்தினா, செத்துப் போச்சுன்னு நினைச்ச மாடு கண்ணு முன்னாடியே எழுந்து நிக்கும். பார்க்காதவங்க நம்ப மாட்டாங்க. அதுவரைக்கும் நாம செய்ய வேண்டியது ரெண்டு: மாட்டை ஒருக்களிச்சுப் படுக்க விடாம, வைக்கோல் அடைச்ச சாக்கை ரெண்டு பக்கமும் அண்டைக் கொடுத்து நெஞ்சு தரையில படுற மாதிரி உக்கார வைக்கணும். வாயில எந்த மருந்தும் ஊத்தக் கூடாது, முழுங்க முடியாம நுரையீரலுக்குப் போயிடும்.

அடுத்தது வயிறு உப்புசம். இடது பக்க வயிறு மேளம் மாதிரி ஆயிடும். முத்திப் போனா டாக்டர் இடது பக்கம் குழாய் ஊசி குத்திக் காத்தை வெளியேத்துவார். மழை இல்லாம வாடின இளஞ்சோளப் பயிரை மேஞ்சாலும் விஷம் ஏறும், அதுக்கு மாத்து ஊசி உண்டு, ஆனா நேரம் ரொம்பக் கம்மி. இன்னொண்ணு, டவுன்காரங்களுக்காகவே சொல்றேன்: பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மிச்சமான சோத்தைக் குண்டான் குண்டானா மாட்டுக்கு வைக்காதீங்க. மாட்டு வயிறு புல்லுக்காகப் படைச்சது. அவ்ளோ அரிசிச் சோறு ஒரே நேரத்துல போனா உள்ள புளிச்சு அமிலமாகி மாட்டையே கொன்னுடும். புண்ணியம்னு நினைச்சுப் போடுறது பாவத்துல முடியும்.

முன்னாடி இதுக்கெல்லாம் ஊர் வைத்தியர்தான். மாட்டு வாகடம்னு தமிழ்ல தனி நூலே உண்டு. மூங்கில் குழாயில மருந்து புகட்டுவாங்க, சூடு போடுவாங்க. சூடு வீண் கொடுமைன்னு இப்போ எல்லாருக்கும் புரியுது. ஆனா எல்லாத்தையும் தள்ளிட முடியாது. மடிநோய்க்குச் சோத்துக்கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைச்சுப் பூசுறதைக் கால்நடைப் பல்கலைக்கழகமே இப்போ சொல்லித் தருது.

இப்போ 1962-ன்னு ஒரு நம்பர் இருக்கு. மனுஷனுக்கு 108 மாதிரி, கால்நடைக்கு அது. டாக்டரும் மருந்தும் வண்டியிலயே வர்றாங்க. நல்ல ஏற்பாடு. வண்டியோட எண்ணிக்கையும் ராத்திரி சேவையும் இன்னும் கூடணும்ங்கிறதுதான் எங்க பக்கத்துக் கோரிக்கை. மாடு ஈனுறது ஆபீஸ் நேரம் பார்த்து இல்லை.

2024 நவம்பர் கடைசியில பெஞ்சல் புயல் வந்துது. மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை. தென்பெண்ணையில வெள்ளம் வந்து அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையிலயே தண்ணி ஓடிப் போக்குவரத்து நின்னுது. எந்த வண்டியும் எங்கயும் போக முடியாத நாளு அது. வெள்ளத்துல போன ஆடு மாடு ஒரு பக்கம். அதுக்கப்புறம் ஈரத்துலயே நின்னு நின்னு சளி பிடிச்சு, வழுக்கி விழுந்து போனது இன்னொரு பக்கம்.

எங்க தெருவுல ஒரு ஆயா வீட்டுப் பசு அந்த வாரத்துல சிமெண்டுத் தரையில வழுக்கி விழுந்துடுச்சு. கன்னு போட்டு ஒரு மாசம். நாங்க நாலு பேர் சேர்ந்து நாளைக்கு நாலு தடவை புரட்டிப் படுக்க வச்சோம். ஒரே பக்கம் கிடந்தா அந்தப் பக்கத்துத் தொடைச் சதை செத்துப் போயிடும், அப்புறம் எலும்பு நல்லா இருந்தாலும் எழுந்திருக்காது. மூணாம் நாள் ரோடு சரியாகி டாக்டர் பைக்குல வந்தார். சின்ன வயசுதான். கையை உள்ள விட்டுப் பார்த்துட்டு, இடுப்பெலும்பு உடைஞ்சிருக்குன்னு சொன்னார்.

"ஆயா, இது இனிமே எழுந்திருக்காது. வலி மருந்து எத்தனை நாளைக்குப் போடுறது? சொல்லுங்க."

ஆயா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். லட்சுமியை வெள்ளிக்கிழமையில அனுப்புவாங்களா? நாளைக்கு வாங்க"ன்னாங்க.

"வர்றேன் ஆயா. ஆனா நாளைக்கு வரைக்கும் அது இப்படியேதான் கெடக்கும்."

ஆயா போய் மாட்டுத் தலைமாட்டுல உக்காந்தாங்க. அது பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது. மாடு வலியில பல்லைக் கடிக்கும், அது கத்துறதில்லை. கொஞ்ச நேரம் கழிச்சு, "கன்னை ஒரு வாட்டி கிட்ட விட்டுட்டு, நீங்க செய்ங்க சார்"ன்னாங்க.

டாக்டர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டு முதல்ல மயக்க மருந்து போட்டார். மாடு தூங்கினதுக்கு அப்புறம் அடுத்த ஊசி. கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு. கொல்லையில ஆளுயரத்துக்குப் பள்ளம் எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைச்சோம். கழுகு, நாய் எதுவும் தோண்டக் கூடாது, உள்ள மருந்து இருக்குன்னு டாக்டர் கண்டிப்பாச் சொன்னார். அடைப்பான் நோய்ல செத்த மாடா இருந்தா இன்னும் ஜாக்கிரதை வேணும். அறுத்தே பார்க்கக் கூடாது. அந்தக் கிருமி மண்ணுல பல பத்து வருஷம் உயிரோட இருக்கும்.

ஊர்ல ரெண்டு விதமாவும் பேசினாங்க. சந்தைக்காரனைக் கூப்பிட்டிருந்தா நாலு காசு வந்திருக்கும்னு ஒருத்தர். பசுவை ஊசி போட்டுக் கொல்றதான்னு ஒருத்தர். எழுந்திருக்க முடியாத மாட்டைக் கயித்தைக் கட்டி டெம்போவுல இழுத்து ஏத்துறதை நான் பார்த்திருக்கேன். அந்த வழியைச் சொன்னவர் ஒரு நாள் அதையும் கிட்ட இருந்து பார்க்கணும். என்னைக் கேட்டா, ஆயா அன்னிக்கு நல்ல நாளைவிட மாட்டோட வலியைப் பெருசா நினைச்சாங்க. காந்தி ஆசிரமத்துல பெரிய பெரிய ஆளுங்க கூடி வாதாடி எடுத்த முடிவை, எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா அரை மணி நேரத்துல எடுத்தாங்க.

அதனால உங்களுக்கு நான் சொல்றது இதுதான். எல்லாப் பிராணிக்கும் ஊசிதான் வழின்னு இல்லை. பால் காய்ச்சல்ல விழுந்த மாட்டை அவசரப்பட்டு அனுப்பியிருந்தா, ஒரு பாட்டில் கால்சியத்துல எழுந்திருக்க வேண்டியதை நாமே கொன்னிருப்போம். டாக்டர் பார்த்து, இதுதான் கோளாறு, இதுக்கு மேல வழியில்லைன்னு தெளிவாச் சொன்னதுக்கு அப்புறம்தான் அந்தப் பேச்சையே எடுக்கணும். அப்படிச் சொல்லிட்டா, அப்புறம் இழுக்கக் கூடாது. திங்குதா, தானே புரண்டு படுக்குதா, நம்மளைப் பார்த்தா காதை அசைக்குதா? இந்த மூணும் போயிட்டா அது நமக்குச் சொல்லிடுச்சுன்னுதான் அர்த்தம்.

ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள்ள உலகத்துல இல்லாம ஆக்கணும்னு 2015-ல நாடுகள் எல்லாம் சேர்ந்து இலக்கு வச்சிருக்காங்க. வெக்கையை ஒழிச்ச மாதிரியே, வெட்டி இல்லை, ஊசி போட்டு. ஆடு வச்சிருக்குற நம்ம ஜில்லாக்காரங்க, தடுப்பூசி முகாம் போடும்போது குட்டியும் கிடாவுமா எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போங்க. மூணு மாசம் தாண்டின குட்டிக்குப் போடலாம். டவுன்ல இருக்குறவங்க ஊருக்கு வரும்போது சொந்தக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, ஆட்டுக்கு ஊசி போட்டாச்சான்னு. 1962 நம்பரையும் அவங்க போன்ல பதிஞ்சு குடுத்துட்டு வாங்க.

ஆயா வீட்டுக் கன்னு இப்போ கிடேரியா நல்லா வளர்ந்திருக்கு. சிமெண்டுத் தரையில பழைய ரப்பர் மேட்டு வாங்கிப் போட்டுட்டாங்க. எங்க தெருவுல இப்போ ஏழு வீட்டுல போட்டாச்சு.

அடுத்த பதிவுல மணிலா விதைப்பு பத்தி எழுதுறேன். மழை எப்படி இருக்குன்னு பார்த்துட்டு.